ஃபேமிலி ரூமுக்குத் தனி வழி

கை கழுவத்தான் போயிருக்கிறார். கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கை, நகக்கண்ணில் எல்லாம் வார்னிஷ் ஏறியிருக்கும், சோப்புப் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் நேரம் ஆகத்தான் செய்யும், அதுவும் இன்றைக்கு மகளுடைய பிறந்தநாள், அந்தக் கையால்தான் கேக் ஊட்ட வேண்டும், நன்றாகவே தேய்ப்பார், தேய்க்கட்டும். ஆனால் வாஷ்பேசின் இந்த அறைக்குள் இல்லையே. இதைக் கட்டினவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். தாராபுரம் ரோட்டில் வரும்போதே தெரிகிற மாதிரி பச்சை லைட்டில் எழுதிப் போட்டிருக்கிறான், ஃபேமிலி ரூமுக்குத் தனி வழி என்று, அம்புக்குறி வேறு. தனி வழியாக வந்து, தனி அறையில் உட்கார்ந்து, தனி ஏ.சி.யில் நடுங்கிவிட்டு, கை கழுவ மட்டும் பாருக்குள் புகுந்து போக வேண்டுமாம். நடுவில் ஒரு மெரூன் திரை. திரை என்ன, துணிதானே, சத்தத்தை மறைக்குமா, வாசத்தை மறைக்குமா? டம்ளரில் ஐஸ் கட்டி விழுகிறது கேட்கிறது. யாரோ மேஜையைத் தட்டிச் சிரிக்கிறான். எலுமிச்சம்பழமும் மிளகுத்தூளும் சிகரெட்டும் சேர்ந்து வருகிறது, அதற்கு அடியில் அந்த வாசம், பேர் சொல்லப் பிடிக்காத வாசம், கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே என் தலையணையில் படுத்துக் கிடந்த வாசம். "ஏனுங்க அண்ணி, ஏ.சி. ஜாஸ்தியா இருக்குதுங்களா? கொறைக்கச் சொல்லட்டுங்களா?" என்கிறான் மோகன்ராஜ். இவருடைய தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள் என்று கேக் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். நல்ல மனசுதான். இந்த இடத்தைப் பிடித்ததும் அந்த நல்ல மனசுதான். "கேக் வெட்டறதுக்கு லைட்டெல்லாம் போட்டுக் குடுக்கறது இந்த ஊர்லயே இவங்க மட்டுந்தானுங்க அண்ணி" என்றான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கனிஷ்கா ஹைய்யா என்று குதித்துவிட்டாள். "இல்லீங்க தம்பி, ஏ.சி. இருக்கட்டுங்க" என்கிறேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன், குளிர் என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

இவர் குடிப்பதை விட்டுவிட்டார். மனசுக்குள் சொல்லும்போதே கண் பட்டுவிடுமோ என்று அடித்துக்கொள்கிறது. தை மாசம் கருப்பராயன் கோயிலில் சத்தியம் பண்ணினார், அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை, எனக்குத் தெரிந்து இல்லை. எனக்குத் தெரிந்து. இந்த ஒரு வார்த்தைதான் ராத்திரியும் பகலும் என்னைப் போட்டு அரிக்கிறது. இதற்கு முன்னாலும் சத்தியம் பண்ணாதவரா? சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினார், கை கொப்புளித்தது, கொப்புளம் ஆறுவதற்குள் குடித்தார். அவர் அம்மாமேல் பண்ணினார். என் தலையில் அடித்தும் பண்ணினார், அந்த வாரமே தள்ளாடிக்கொண்டு வந்து நின்றார், எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை, நான் பாட்டுக்குக் கல்லுக்குண்டு மாதிரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். என் தலைக்கு அவ்வளவுதான் மதிப்பு. அதனால்தான் அன்றைக்குக் கோயிலில், பூசாரி கயிறு கட்ட வந்தபோது, கயிறு மட்டும் போதாது என்றேன். மடியில் கனிஷ்கா அரைத்தூக்கத்தில் கிடந்தாள். இவருடைய கையைப் பிடித்து அவள் உச்சந்தலையில் வைத்தேன். "பச்சப்புள்ளைய எதுக்கம்மா இழுக்கறே? நான் கயித்தக் கட்டி உடறேன், கருப்பராயன் பாத்துக்குவான்" என்று பூசாரி தடுத்தார். "இத்தனை நாளா அவரு பாத்துக்கிட்டது போதுமுங்க" என்றேன் நான். எனக்கு அப்போது சாமிமேலும் கோபம். இவர் முகம் வெளுத்துவிட்டது. கையை எடுக்கப் பார்த்தார், நான் விடவில்லை. "இனிமே தொட்டன்னா எம்புள்ள..." என்று ஆரம்பித்தார், பூசாரி சட்டென்று மணியை எடுத்து ஆட்டிவிட்டார், மீதியைச் சாமி காதிலும் விழாமல் செய்கிற மாதிரி அப்படி ஒரு ஆட்டு ஆட்டினார். எம்புள்ள என்ன? அதற்கு மேல் என் மனசும் போக மாட்டேன் என்கிறது. தொட்டால் எம்புள்ள. அங்கே வந்து நின்றுவிடும். காய் நறுக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, தொட்டால் எம்புள்ள, மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஆனால் வேறு என்ன வழி இருந்தது, சொல்லுங்கள். நகையை ஒளித்துப் பார்த்தாயிற்று, பேசாமல் இருந்து பார்த்தாயிற்று, பெருந்துறைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டியாயிற்று. கடைசியில் இதுதான் நின்றது. நின்றதா இல்லையா? நின்றது. அப்புறம் எதற்கு இந்தப் பயம் என்று தெரியவில்லை.

முன்னெல்லாம் பயம் வாசலோடு இருந்தது. வண்டி ஸ்டாண்டு போடுகிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன், ஒரே தட்டில் போட்டால் சும்மா வந்திருக்கிறார், ரெண்டு மூன்று தடவை உதைத்தால் போதையைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். பிடித்துப் படுக்கவைத்துவிட்டால் அன்றைய பயம் முடிந்தது. இப்போது அப்படி இல்லை. பயம் வாசலை விட்டுவிட்டுப் பிள்ளைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. பங்குனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்ததே, எந்தத் தாயாவது தொட்டுப் பார்ப்பாள், கசாயம் வைப்பாள், நான் ஓடிப்போய்க் கொடியில் கிடந்த இவர் சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். வார்னிஷ் வாசமும் வேர்வையும்தான். மறுபடி மோந்தேன். அவள் உள்ளே அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், நான் சட்டையை விட்டுவிட்டு பேண்ட்டை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் ஓடும்போது விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தால், நேற்று இவர் எங்கே போயிருந்தார், மூலனூருக்குக் கிணற்றில் மோட்டார் இறக்கப் போனேன் என்றாரே, அங்கே யார் யார் இருந்தார்கள். ஒரு தும்மல் தும்மினால் போதும். இப்போது பாருங்கள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ரோஸ் கவுனில் ஒட்டின மினுக்கைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள், ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுப்பாக இருக்கிறதோ? அறைக்குள்ளும் பச்சை லைட்தான், அதற்கு அப்படித் தெரிகிறது. கொஞ்ச நாளாக ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை, புரண்டுகொண்டே இருக்கிறாள், பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். சிக்கன் வரும், எலும்பு இருக்கும், நானே பிய்த்துத்தான் கொடுக்க வேண்டும். மெழுகுவர்த்தி வேறு வைப்பார்கள், இந்தக் கவுன் நைலான், தீப்பிடித்தால்... "மேடம், சூப்பு ஏதாச்சும் கொண்டாறட்டுங்களா?" என்று மீசைக்காரச் சப்ளையர் வந்து நிற்கிறார். "அவரு வந்துறட்டுங்க" என்கிறேன். குடிக்காத புருசனை நினைத்து இப்படிப் பயப்படுகிறவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

இன்னும் வரவில்லை. கை கழுவ இவ்வளவு நேரமா? திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல், "யாரு, நம்ம தனபாலா? அட வாப்பா! உன்ற கையி பட்ட மோட்டாரு இன்னும் ஓடிட்டே கெடக்குது!" அப்புறம் இவர் குரல், தணிவாக, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அப்புறம் மறுபடி அந்தக் குரல், "மகளுக்குப் பொறந்தநாளா? அப்பறம் என்னப்பா, சும்மாவா போவே? உக்காரு!" உக்காரு. உட்கார்ந்துவிட்டாரா? நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டதா? எனக்குக் காதுக்குள் ஏ.சி. சத்தம்தான் இரைகிறது. மோகன்ராஜும் கேட்டிருக்கிறான், என் முகத்தையும் பார்த்துவிட்டான். "இருங்க அண்ணி, அண்ணனக் கூட்டியாறேன்" என்று எழுந்தான். "நீங்க இருங்க தம்பி" என்றேன், வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஒரு நிமிசம் நின்றான். இவனும் விசேசத்துக்கு ஒரு பீர் சாப்பிடுகிறவன்தான், இவன் போனால் அங்கே ரெண்டு பேர் ஆகும், தம்பி வந்துவிட்டான் என்று அதற்கும் ஒன்று ஊற்றுவார்கள். "இல்லீங்க அண்ணி, அந்தாளு பிடிச்சா உட மாட்டாரு" என்று போயே விட்டான். திரை ஆடி நின்றது. சரி, கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். வருவான். கேக் டப்பாவைத் திறந்து பார்த்தேன், கனிஷ்கா என்று ரோஸ் க்ரீமில் எழுதியிருக்கிறது, ஷ-வில் ஒரு பக்கம் டப்பாவில் ஒட்டி நசுங்கியிருக்கிறது. பேர் நசுங்கினால் சகுனம் ஏதாவது உண்டா? போடி பைத்தியமே, பஸ்ஸில் வந்த கேக் நசுங்காமல் என்ன செய்யும். விரலால் அதைச் சரிபண்ணலாமா என்று குனிந்த நேரத்தில், "அம்மா, நானும் கை கழுவிட்டு வந்தர்றேன்" என்று குரல். நிமிர்வதற்குள் நாற்காலி காலியாக இருந்தது. திரைக்கு அடியில் ரோஸ் நிறம் ஒன்று நுழைந்து மறைந்ததைத்தான் பார்த்தேன்.

எழுந்துவிட்டேன். சப்ளையர் தட்டோடு குறுக்கே வந்து, "மேடம், லேடீஸ் அந்தப் பக்கம் வேண்டாமுங்க. தண்ணி நான் இங்கயே கொண்டாந்து தர்றேனுங்க" என்றார். "எம்புள்ள போயிருக்குதுங்க" என்றேன். எம்புள்ள. அந்த வார்த்தை வாயில் வந்ததும் மீதியும் பின்னாலேயே வந்துவிடும் போலிருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். திரையை விரல் அகலத்துக்கு விலக்கினேன். சிவப்பு லைட், புகை, முழுக்க ஆம்பிளை முதுகுகள். ஒரு மேஜையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், இவர் கையைப் பிடித்து வைத்திருக்கிறார், இவர் நிற்கிறார், உட்காரவில்லை, உட்காரவில்லை கருப்பராயா, பக்கத்தில் மோகன்ராஜ் ஏதோ கையாட்டிப் பேசுகிறான். மேஜைமேல் நிரம்பின கிளாஸ் ஒன்று. வெள்ளைச் சட்டை அதை எடுத்து நீட்டுகிறது. இவர் முதுகுதான் எனக்குத் தெரிகிறது. வலது முழங்கை மடங்கி மேலே போகிறது. வாய்க்கா? நெற்றியைச் சொறியவா? கும்பிட்டு வேண்டாம் என்கிறாரா? முதுகை வைத்து எதைக் கண்டுபிடிப்பது. எங்கே அவள்? இவரைப் பார்ப்பதா அவளைத் தேடுவதா? தரை முழுக்க ஈரம், டைல்ஸ், இந்த நிமிசம் இவர் தொட்டார் என்றால் இந்த நிமிசமே வழுக்கிவிழுந்து, வாஷ்பேசின் முனையில் தலை, நான் கையால் அமுக்கிப் பிடித்த அதே தலை. இல்லை. இல்லை. நான் சும்மா சொல்லவைத்தேன் சாமி, கோபத்தில் சொல்லவைத்தேன், அவர் சொன்னதை மணிச்சத்தத்தில் நீயும் கேட்டிருக்க மாட்டாய். அப்போதுதான் அவளைப் பார்த்தேன். வாஷ்பேசின் பக்கத்தில் நின்றிருந்தாள். குழாய் திறந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கை நனையவே இல்லை. அவளும் அந்த முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் திரும்பினார், அவளைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்து அவள் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு வந்தார். நான் ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து மெனு கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். இவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. சோம்பு. கல்லாவில் வைத்திருக்கிற சோம்பு. சாப்பிடுவதற்கு முன்னால் யார் சோம்பு போடுவார்கள்? இத்தனை வருசம் எனக்குத் தெரியாத சோம்பா? "மூலனூர்க் கவுண்டரு பிடிச்சிட்டு உடமாட்டேன்னுட்டாரு, கோகிலா" என்கிறார் இவர், நான் கேட்காமலேயே. கேட்காமல் எதற்குச் சொல்ல வேண்டும்? "அந்தப் புகைக்கு வாயெல்லாம் ஒரு மாதிரி ஆயிப்போச்சு" என்கிறார். கண் சிவந்திருக்கிறதா? புகைக்கும் சிவக்கும். மோகன்ராஜைப் பார்த்தேன், அவன் கேக்கை வெளியே எடுப்பதில் மும்முரமாக இருந்தான். சப்ளையர் பெரிய லைட்டை அணைத்துவிட்டுச் சுவரில் கலர் கலராகச் சின்ன லைட்டுகளைப் போட்டார். மெழுகுவர்த்தி எரிந்தது. நான் அவள் கவுனை முழங்காலுக்குக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். "ஊது கண்ணு" என்றார் இவர். "நீங்களும் ஊதுங்கப்பா, சேந்து ஊதலாம்" என்றாள். இவர் குனிந்தார். அவள் முகத்தை அவர் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள். ரெண்டு பேரும் ஊதினார்கள், மெழுகுவர்த்தி அணைந்தது, மோகன்ராஜ் கைதட்டினான், நானும் கைதட்டினேன், தட்டிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன், அவள் மூக்கு விடைத்தது. ஊதுகிறவள் மூச்சை வெளியேதான் விடுவாள். இவள் உள்ளே இழுத்தாள், கண்ணைப் பாதி மூடி, ஒரே இழுப்பாக. எனக்குத் தெரியும் அந்த இழுப்பு. கல்யாணமான முதல் வாரத்திலிருந்து நான் இழுத்த இழுப்பு. லைட்டைப் போட்டார்கள். இவர் கேக் ஊட்டினார், தின்றாள். வாயில் க்ரீமோடு என் பக்கம் நாற்காலியை நகர்த்தி வந்து, என் காதில், "இல்லம்மா" என்றாள். "என்ன கண்ணு இல்லே?" "அப்பா குடிக்கல. சோம்பு வாசந்தான் வருது. குடிச்சிட்டுப் போட்டா சோம்புக்குக் கீழ அது வரும். வரல." எனக்கு மூச்சு வந்தது, அவர் குடிக்கவில்லை, குடிக்கவில்லை என்று ஒரு நிமிசம் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, அந்த ஒரு நிமிசத்துக்காக என்னை நான் மன்னிக்கவே போவதில்லை. அதற்கு அப்புறம்தான் கேட்டேன். "நீ எதுக்குச் சாமி மோந்து பாக்கறே?" அவள் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "தெனமும் பாக்கறனே. அப்பா குடிச்சிட்டு வந்தா அன்னிக்கி நைட்டு நான் தூங்கக் கூடாதில்ல. தூங்கறப்பத்தானம்மா சாவாங்க. சில நாளு சரியாத் தெரிய மாட்டேங்குது, அன்னிக்கெல்லாம் முழிச்சே இருந்துக்குவேன்."

எதிரே அண்ணனும் தம்பியும் எந்தப் பிரியாணி சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கோயிலில் மடியில் அரைத்தூக்கத்தில் கிடந்தவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பூச்சி மருந்து என்று நினைத்தேனே. பூச்சி மருந்து. சட்டையை மோந்தேன், பேண்ட்டை மோந்தேன், இந்தக் கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பை லைட் என்று நினைத்தேன். அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை, அதற்கே என் பிள்ளைக்கு இவ்வளவு நடந்திருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும், சத்தியமெல்லாம் சும்மா கண்ணு என்று சொன்னால் இவர் காதில் விழும், சும்மா என்று தெரிந்தால் நாளைக்கே இவர், அப்புறம் பழையபடி, இல்லை, அதுவும் முடியாது. பயம் என்னைப் பேசவிட்டால்தானே. வாயில் வந்ததைச் சொன்னேன். "அது இப்ப உன்ற தலையில இல்ல தங்கம். அம்மா மாத்திப் போட்டேன். என்ற தலைக்கு மாத்தியாச்சு. இனிமே அப்பா குடிச்சாலும் உனக்கு ஒண்ணும் ஆகாது, நீ நல்லாத் தூங்கோணும், செரியா?" சொல்லும்போதே அவள் தலையைத் தடவி அந்தக் கையை என் தலையில் வைத்துக் காட்டினேன். நம்பிவிட்டாள். நம்பினது முகத்திலேயே தெரிந்தது. "உனக்கா?" என்றாள். "ஆமா." கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்தாள். வாயிலிருந்த க்ரீமைப் புறங்கையால் துடைத்தாள். "அப்படின்னா இரு, நான் இன்னொருக்கா நல்லாப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று இறங்கி, மேஜையைச் சுற்றிப் போய், இவர் மடியில் ஏறினாள். "பாருடா மோகனு, பொறந்தநாளு வந்தா அப்பன் மேல பாசம் பொங்குது" என்று இவர் சிரித்தார். அவள் ரெண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூக்கை அவர் வாயருகே வைத்தாள். தனக்காகப் பார்த்தபோது அவளுக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை.